காட்டுவதற்கு ஒன்றுமில்லாத சாதனை

கேள்வி:

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

நான் ஒரு பள்ளி ஆசிரியை. எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி வைத்தோம். ‘மனிதகுலத்தின் மாபெரும் சாதனை எது?’ என்பது தலைப்பு. பேசிய பதினோரு பேரில் ஐந்து பேர் நிலவில் இறங்கியதைச் சொன்னார்கள். மூன்று பேர் இணையத்தை, இரண்டு பேர் எழுத்தை. ஒரே ஒரு மாணவி மட்டும் பெரியம்மை ஒழிப்பைப் பற்றிப் பேசினாள். மற்ற பிள்ளைகள் பெரிய பெரிய படங்களோடு வந்தார்கள். இவள் வெறுங்கையோடு வந்தாள். எட்வர்ட் ஜென்னர் என்ற தனிமனிதர் இந்த நோயை உலகத்தைவிட்டே விரட்டினார் என்று சொல்லி இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டாள். நடுவர்கள் மூவரில் நானும் ஒருத்தி. இன்னொருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எழுபது வயதைத் தாண்டியவர். ‘ஒரு நோய் போய்விட்டது, சரி. அதில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது?’ என்றார். அவளுக்குக் கடைசி இடம். நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து மனம் உறுத்துகிறது. அந்தப் பெண்ணுக்கு அநியாயம் செய்துவிட்டோமா? இப்படி ஒரு கேள்விக்கு எதை வைத்து எடை போடுவது?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மாணவிக்கு மதிப்பெண் குறைத்தது தப்பில்லை. நானாக இருந்தாலும் குறைத்திருப்பேன். ஆனால் நீங்கள் குறைத்த இடம் வேறு, நான் குறைத்திருக்கக்கூடிய இடம் வேறு. காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று குறைத்தீர்களே, அதுதான் அநியாயம். அவள் கட்சியின் பலமே அங்கேதான் இருந்தது. அதை எடுத்துச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. நடுவர் அதையே அவளுக்கு எதிராகத் திருப்பிவிட்டார்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நான் முப்பது ஆண்டுகளாகத் தொற்றுநோய்களோடு மல்லுக்கட்டும் மருத்துவன். உலகத்தில் உயர்ந்தது எது என்று கொல்லனைக் கேட்டால் இரும்பு என்பான். என் பதிலிலும் அந்தச் சாய்வு இருக்கும். கழித்துக்கொண்டு படியுங்கள்.

எதை வைத்து எடை போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ‘சாதனை’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குவேன். சாதிப்பது என்றால் ஒரு காரியத்தை முடித்துக் காட்டுவது. அந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. கண்ணாடியை உடைத்த பையன் ‘நான் உடைக்கவே இல்லை என்று சாதித்தான்’ என்கிறோம் அல்லவா? யார் என்ன சொன்னாலும் அசையாமல், அலுக்காமல் ஒன்றையே பிடித்துக்கொண்டு நிற்பதும் சாதிப்பதுதான். முடிப்பதும் பிடிவாதம் பிடிப்பதும் ஒரே வினைச்சொல்லுக்குள் குடியிருக்கின்றன. எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

இந்தத் தராசை எடுத்தால் சில பெரிய பெயர்கள் தாமாகவே விலகிக்கொள்கின்றன. மொழியை யாரும் திட்டம் போட்டு உருவாக்கவில்லை, அது வளர்ந்தது. எழுத்தும் ஏறக்குறைய அப்படித்தான். 5,000 ஆண்டுகளுக்கு முன்பு சுமேரியாவின் ஊருக் நகரத்தில் ஈரக் களிமண்ணில் கீறியவர்கள் காவியம் படைக்க உட்காரவில்லை. இவ்வளவு வாற்கோதுமை வந்தது, இவ்வளவு போனது என்று கணக்கு எழுதினார்கள். கணக்குப்பிள்ளைகள் தொடங்கி வைத்ததில் கவிஞர்கள் பிற்பாடு வந்து குடியேறினார்கள். எழுத்தைப் பற்றிப் பேசிய அந்த இரண்டு பிள்ளைகள்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எழுத்தை நான் நிலம் என்பேன். மற்ற சாதனைகள் அதில் விளைகின்றன. இணையத்தைப் பற்றி இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கேளுங்கள்.

நிலவுப் பயணம் சாதனைதான், மறுக்க மாட்டேன். 1961-ல் இலக்கை அறிவித்தார்கள், 1969 ஜூலை 20 அன்று இறங்கினார்கள். ஏறக்குறைய 4 லட்சம் பேர் உழைத்தார்கள். 12 பேர் நடந்தார்கள். 1972 டிசம்பரோடு அந்த நடை நின்றது. ஐந்து பிள்ளைகள் அதைத் தேர்ந்ததில் வியப்பில்லை. ராக்கெட் கக்கும் நெருப்பு, நிலவின் புழுதியில் காலடித் தடம் என்று எல்லாம் கண்ணுக்கு விருந்து. நானும் அந்தப் படங்களை வாய்பிளந்து பார்ப்பவன்தான். ஆனால் அதனால் ஒரு குழந்தையின் காய்ச்சலாவது இறங்கியதா என்று கேட்கும் புத்தி என் தொழிலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கழித்துக்கொள்ளச் சொன்னேனே, இதைத்தான்.

பதினோரு பேரில் ஒருவரும் தொடாத ஒன்று உண்டு. காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக்கும் முறை. ஃபிரிட்ஸ் ஹாபர் 1909-ல் ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டினார். கார்ல் போஷ் அதை ஆலையின் அளவுக்குப் பெருக்கினார். 1913-ல் ஜெர்மனியின் ஒப்பாவில் உற்பத்தி தொடங்கியது. அதிலிருந்து வரும் உரம் இல்லாவிட்டால் இன்று உலகில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு உணவு இருக்காது. என் தராசில் இரண்டாமிடம் இதற்குத்தான். அதே ஹாபர் 1915 ஏப்ரல் 22 அன்று முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் குளோரின் வாயுவைத் திறந்துவிடும் வேலையை முன்னின்று நடத்தினார் என்பது ஒருபுறம் இருக்கட்டும். முதலிடம் கொடுக்க மனம் வராததற்கு வேறு காரணம் உண்டு. அந்த வேலை ஓய்வதே இல்லை. ஆலைகள் நின்றால் அடுத்த அறுவடையில் பசி திரும்பிவிடும். ஆண்டுதோறும் புதிதாகச் செய்தாக வேண்டிய உதவி அது.

பெரியம்மை முடிந்துபோன வேலை. யாரும் தினமும் காவல் காக்க வேண்டியதில்லை, தடுப்பூசிகூடப் போட வேண்டியதில்லை. மனிதர்கள் கூடி ‘இதை முடிப்போம்’ என்று சொல்லித் தொடங்கி, முடித்து, கதவைச் சாத்திவிட்டு வந்த காரியங்களை எண்ணிப் பாருங்கள். ஒரு கையின் விரல்களே மிஞ்சும். மனிதர்களின் நோய்களில் இது ஒன்றுதான். மாடுகளை அள்ளிச் சென்ற வெக்கை நோய் 2011-ல் இரண்டாவதாகச் சேர்ந்தது.

இது எப்பேர்ப்பட்ட நோய் என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிய வழியில்லை. எனக்கே தெரியாது. நான் ஒரு பெரியம்மை நோயாளியைக்கூடப் பார்த்ததில்லை. தொற்றுநோய் மருத்துவன் ஒருவன் இப்படிச் சொல்லிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கு அது பெருமை. ஆனால் புத்தகத்தில் அது இன்னும் இருக்கிறது. சின்னம்மைக் கொப்புளங்கள் உடலின் நடுப்பகுதியில் அடர்ந்து வரும். ஒன்று அரும்பாக, ஒன்று நீர் கோத்து, ஒன்று காய்ந்து என்று பல பருவத்தில் கலந்திருக்கும். பெரியம்மையோ முகத்திலும் கைகால்களிலும் அடர்ந்து வரும், உள்ளங்கையையும் உள்ளங்காலையும்கூட விடாது. எல்லாக் கொப்புளங்களும் ஒரே பருவத்தில் இருக்கும். தொட்டால் தோலுக்கடியில் ஈயக்குண்டு புதைந்ததுபோல் கெட்டியாக இருக்கும். இதை ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பார்க்கவே வாய்ப்பில்லாத ஒன்றின் அங்க அடையாளங்களை அவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள்.

அதன் கொடிய வகை, கண்டவர்களில் பத்துக்கு மூன்று பேரைக் கொன்றது. பிழைத்தவர்களுக்கு முகம் முழுவதும் தழும்பு, சிலருக்குக் கண் பார்வை போயிற்று. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் 30 கோடிப் பேர் இறந்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. 1967-ல்கூட 31 நாடுகளில் அது நிலைகொண்டிருந்தது; அந்த ஓராண்டில் ஒரு கோடிக்கும் குறையாதவர்களுக்குக் கண்டது. பத்தே ஆண்டுகளில், 1977 அக்டோபரில், பூஜ்யம்.

நடுவில் என்ன நடந்தது என்பதுதான் அந்த மாணவியின் பேச்சில் விடுபட்டது. நான் மதிப்பெண் குறைத்திருப்பது அங்கேதான். ஜென்னர் 1796 மே 14 அன்று சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்தைக் கீறி, எட்டு வயது ஜேம்ஸ் ஃபிப்ஸின் கையில் ஏற்றினார். உலகம் பெரியம்மையிலிருந்து விடுபட்டது என்று ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது 1980 மே 8 அன்று. இடையில் 184 ஆண்டுகள். ஜென்னர் வழியைக் காட்டினார். அந்த வழியே நடந்து போய்ச் சேர ஏழெட்டுத் தலைமுறைகள் பிடித்தன. அவருக்கு முன்பே சீனாவிலும் இந்தியாவிலும் துருக்கியிலும் ஆப்பிரிக்காவிலும் அம்மைச் சீழையோ பொருக்கையோ எடுத்து நலமாக இருப்பவருக்கு ஏற்றும் வழக்கம் இருந்தது. அதில் ஆபத்தும் இருந்தது. மாட்டம்மை வந்தவருக்குப் பெரியம்மை வராது என்பதையும் ஜென்னர் கண்டுபிடிக்கவில்லை. பால் கறப்பவர்களுக்கு அது தெரிந்திருந்தது. தெரிந்ததைச் சோதித்து, எழுதி, அச்சிட்டு, ஊருக்கெல்லாம் கொடுத்தது அவர் பெருமை. அது போதாதா?

மருந்தை ஊர் ஊராகக் கொண்டுபோவது அடுத்த பாடு. குளிர்ப்பெட்டி இல்லாத காலம். 1803 நவம்பரில் ஸ்பெயினிலிருந்து ஒரு கப்பல் அமெரிக்கக் கண்டத்துக்குக் கிளம்பியது. அதில் 22 அநாதைச் சிறுவர்கள். இரண்டிரண்டு பேருக்காக அம்மைப்பால் குத்தி, கொப்புளம் முற்றியதும் அதிலிருந்து எடுத்து அடுத்த இருவருக்குக் குத்தி, கடல் முழுவதும் மருந்தை உயிரோடு கடத்தினார்கள். பிள்ளைகளையே சீசாவாகப் பயன்படுத்திய பயணம். கேட்டால் வயிற்றைப் பிசைகிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் சுமந்துபோன மருந்து ஒரு கண்டத்தையே காத்தது என்பதும் உண்மை.

இனி எனக்கு மிகவும் பிடித்த கட்டத்துக்கு வருகிறேன். நான் மருத்துவக் கல்லூரியில் படித்தபோது எங்கள் பேராசிரியர் ஒருவர், பெரியம்மை ஒழிப்புப் பணியில் இளமையில் ஊர் ஊராக நடந்தவர், ஒரு சிறிய தகர டப்பாவோடு வகுப்புக்கு வந்தார். அதில் ஓர் ஊசி. விரல் நீளம் இருக்கும். தையல் ஊசியின் காதில் மேல்வளைவை நறுக்கிவிட்டால் நுனி இரண்டாகப் பிளந்து நிற்குமே, அப்படி. ஒரு கோப்பைத் தண்ணீரில் அதைத் தோய்த்து எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு துளி, சிந்தாமல் நின்றது. ‘இவ்வளவுதான் மருந்து’ என்றார். பிறகு தன் முன்கையிலேயே, ஒரு பயறு அளவு இடத்தில், பதினைந்து முறை டக் டக் என்று குத்துவதுபோல் காட்டினார். லேசாக ரத்தம் கசிய வேண்டும், அதுதான் அடையாளம். கசியவில்லையென்றால் குத்து போதவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக்கூட அரை மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம் என்றார். அந்த ஊசி வந்த பிறகு, 25 பேருக்குப் போதுமானதாக இருந்த மருந்துக் குப்பி 100 பேருக்குப் போதுமானதாயிற்று. கொதிக்க வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அதை உருவாக்கியவர் பெஞ்சமின் ரூபின். வெயிலில் கெடாத உலர்ந்த மருந்தைப் பெருமளவில் செய்யும் முறையை அதற்கு முன்பே லெஸ்லி காலியர் கண்டுபிடித்திருந்தார். இவர்கள் இருவர் பெயரும் எந்தப் பேச்சுப் போட்டியிலும் ஒலித்ததாக எனக்கு நினைவில்லை.

இதெல்லாம் இருந்தும், எல்லோருக்கும் குத்தி முடிப்பது ஆகாத காரியமாகவே இருந்தது. 1958-ல் சோவியத் ஒன்றியத்தின் விக்டர் ஷ்தானோவ் உலக சுகாதாரப் பேரவையில் எழுந்து, இந்த நோயை உலகம் முழுவதும் ஒழித்துவிடலாம் என்றார். மறு ஆண்டே தீர்மானம் போட்டார்கள். பணம் மட்டும் போடவில்லை. அப்போது எல்லோர் கண்ணும் மலேரியாவின்மேல் இருந்தது. 1955-ல் தொடங்கிய மலேரியா ஒழிப்புத் திட்டம் தடுமாறிக்கொண்டிருந்தது. இன்னொரு தோல்வியைத் தலையில் கட்டிக்கொள்ள யாருக்கும் ஆசையில்லை. 1966-ல் தீவிரத் திட்டத்துக்கு நிதி ஒதுக்கும் தீர்மானம் இரண்டே வாக்கு வித்தியாசத்தில் தேறியது. இரண்டு கைகள் உயராமல் போயிருந்தால் இன்றைக்கும் நான் அந்தக் கொப்புளங்களை வார்டில் வைத்தே மாணவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்திருப்பேன். அமெரிக்கர் டி. ஏ. ஹெண்டர்சன் தலைமையேற்றார். அணுகுண்டுகளை ஒருவர்மேல் ஒருவர் குறிவைத்திருந்த காலத்தில், சோவியத் ஒன்றியம் நூறு கோடிக்கும் மேற்பட்ட தடுப்பூசிகளைக் கொடையாகக் கொடுத்தது.

அதே 1966 டிசம்பரில், நைஜீரியாவின் கிழக்குப் பகுதியில் வில்லியம் ஃபேகி என்ற இளம் மருத்துவரிடம் ஊருக்கெல்லாம் போதுமான மருந்து இல்லை. இளமையில் காட்டுத்தீ அணைக்கும் வேலை பார்த்தவர் அவர். தீயை அணைக்கக் காடு முழுவதும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, எரிகிற இடத்தைச் சுற்றி எரிபொருளை அகற்றினால் போதும் என்பது அவருக்குக் கைவந்த பாடம். வானொலி வழியாக மிஷனரிகளைத் தொடர்புகொண்டு, எந்தெந்த ஊரில் அம்மை போட்டிருக்கிறது என்று விசாரித்து வரச் செய்தார். நோயாளியைச் சுற்றி இருப்பவர்களுக்கும், அவர்களைச் சுற்றி இருப்பவர்களுக்கும் மட்டும் குத்தினார். பாதிப் பேருக்குக்கூடக் குத்தாமலேயே அந்தப் பகுதியில் நோய் அடங்கியது. மருந்துப் பற்றாக்குறை பெற்றெடுத்த யோசனை. உலகம் முழுவதும் பிற்பாடு அதையே செய்தார்கள்.

பெரியம்மையிடம் சில பலவீனங்கள் இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் என் மாணவர்கள் சண்டைக்கு வருவார்கள். அது மனிதரைத் தவிர வேறு விலங்குகளில் ஒளிந்துகொள்ளாது. வந்தால் முகத்தில் எழுதி ஒட்டியதுபோல் தெரியும். ஒருமுறை வந்து பிழைத்தவருக்குப் பெரும்பாலும் மறுபடி வராது. தொற்றிய மூன்று நான்கு நாட்களுக்குள் குத்தினால்கூடப் பலன் உண்டு. எதிரி ஒளியத் தெரியாதவன் என்பது நம் அதிர்ஷ்டம். ஆனால் தேடிப் போகக் கால்கள் வேண்டுமே. 1973 முதல் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். அம்மை கண்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையைக் காட்டி, ‘இப்படி யாரையாவது பார்த்தீர்களா?’ என்று கேட்டார்கள். தேடத் தேட, பதிவேட்டில் இருந்ததைவிடப் பல மடங்கு நோயாளிகள் கிடைத்தார்கள். முதலில் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது. அந்த நேரத்தில் கைவிடாமல் இருந்தார்கள். நான் மேலே சொன்ன ‘சாதிப்பது’ இதுதான்.

எங்கள் பேராசிரியரின் டப்பாவில் ஊசியோடு மடித்து வைத்த ஒரு தாளும் இருந்தது. வாராந்தர அறிக்கைப் படிவம். நோயாளி ஒருவரும் இல்லாவிட்டாலும் அதை நிரப்பி அனுப்பியாக வேண்டும். அனுப்பாமல் விட்டால் நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். கடைசியாக இருந்த ஊரில் வாரம் தவறாமல் 0, 0, 0 என்று எழுதி அனுப்பினாராம். பத்து நிமிட வேலை, ஆனால் அந்தப் பூஜ்யத்தைப் போடுவதற்கு முன்பு வாரம் முழுவதும் நடந்திருக்க வேண்டும் என்றார். உங்கள் தலைமையாசிரியர் ‘காட்டுவதற்கு என்ன இருக்கிறது’ என்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்தப் பூஜ்யங்கள் நினைவுக்கு வந்தன.

அந்த மாணவிக்குச் சொல்ல இன்னொரு தகவலும் வைத்திருக்கிறேன். கொடிய வகைப் பெரியம்மை இயற்கையாகத் தொற்றிய கடைசி மனிதர், வங்கதேசத்தின் போலா தீவில் ரஹிமா பானு என்ற சிறு குழந்தை, 1975 அக்டோபரில். பிழைத்துக்கொண்டாள். அதைப் பார்த்து அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னது யார் தெரியுமா? பில்கிசுன்னிசா என்ற எட்டு வயதுச் சிறுமி. ஜென்னரின் ஃபிப்ஸுக்கும் எட்டு வயது. முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் எட்டு வயதுப் பிள்ளைகள் நிற்கும் கதையைத் தனிமனிதர் கதையாகச் சுருக்கிவிட்டாளே என்பதுதான் என் வருத்தம்.

மென்மையான வகை இன்னும் இரண்டாண்டுகள் நீடித்தது. சோமாலியாவின் மெர்க்கா நகரில் அலி மாவ் மாலின் என்பவர் மருத்துவமனையில் சமையல் வேலை பார்த்தார். 1977 அக்டோபர் 12 அன்று, அம்மை கண்ட இரண்டு குழந்தைகளை ஏற்றி வந்த வண்டிக்கு வழி காட்ட ஏறிக்கொண்டார். சில நிமிடப் பயணம். பத்து நாட்களில் காய்ச்சல். மலேரியா என்றார்கள். 26-ஆம் தேதி கொப்புளம் எழுந்தது. 26-ஆம் தேதி கொப்புளம் எழுந்தது. உண்மை தெரிந்ததும் அவரோடு பழகியவர்களையெல்லாம் தேடிப்பிடித்து, சுற்றுவட்டாரத்தில் 50,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் குத்தினார்கள். அவருக்குப் பின் இயற்கையாக யாருக்கும் வரவில்லை. அதற்கு ஏழு வாரங்களுக்கு முன்புதான் வாயேஜர் 1 விண்கலம் புறப்பட்டுப் போயிருந்தது. உலகம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

மாலினும் ஊசிக்குப் பயந்து முன்பு தப்பித்தவர்தான். பிற்காலத்தில் போலியோ சொட்டு மருந்து இயக்கத்தில் சேர்ந்து, தயங்கும் தாய்மார்களிடம் தன் கதையையே சொல்லி மனம் மாற்றினார். 2013-ல் அந்தப் பணியில் இருந்தபோதே காய்ச்சல் கண்டு இறந்தார். இந்த முறை அது உண்மையாகவே மலேரியா. 1969-ல் உலகம் கைவிட்ட ஒழிப்பு இலக்கு அது. இன்றும் ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் பேரைக் கொல்கிறது. முடிக்கப்பட்ட வேலையின் கடைசி மனிதரை முடிக்கப்படாத வேலை கொண்டுபோயிற்று. நான் முடிப்பதை இவ்வளவு பெரிதாகப் பேசுவது இதனால்தான்.

இதை அப்பழுக்கில்லாத கதை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். ஃபிப்ஸிடம் ஜென்னர் செய்த சோதனைக்கு இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. தெற்காசியாவில் கடைசிக் கட்டத்தில் இரவில் வீடு புகுந்து, திமிறியவர்களைப் பிடித்து வைத்துக் குத்திய சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. கொடையாக மருந்து கொடுத்த சோவியத் ஒன்றியமே ரகசியமாக அதே கிருமியை ஆயுதமாக்கும் வேலையும் செய்தது. 1978-ல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலிருந்து கிருமி பரவி, மேல்மாடியில் வேலை பார்த்த ஜேனட் பார்க்கர் இறந்தார். இன்றும் அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்ஸோவோவிலும் இரண்டு உறைகலன்களில் அந்தக் கிருமி இருக்கிறது. அழித்துவிடுவதா வேண்டாமா என்று பேசுகிறார்கள், தள்ளிப்போடுகிறார்கள். கதவைச் சாத்தினோம் என்று மேலே சொன்னேன். சாவியை இன்னும் வீசவில்லை.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியது இது. முடிவை மாற்ற வேண்டாம். கொடுத்த பரிசைத் திரும்ப வாங்கினால் வேறொரு பிள்ளைக்கு அநியாயம் ஆகும். அந்த மாணவியைக் கூப்பிட்டு, நடுவர் சொன்ன காரணம் தவறு என்று நேராகச் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் தவறை ஒப்புக்கொள்வதால் ஆசிரியர் சிறுத்துப்போவதில்லை, நான் பலமுறை ஒப்புக்கொண்டு பார்த்திருக்கிறேன். இரண்டு நிமிடம் போதாது, ஜென்னரோடு நிறுத்தியது தவறு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். வகுப்பில் பத்து நிமிடம் கொடுத்து மறுபடி பேசச் சொல்லுங்கள். மற்றவர்கள் மறுக்கட்டும். நிலவுக் கட்சிக்காரர்கள் லேசில் விட மாட்டார்கள், விடவும் கூடாது.

அவள் மறுபடியும் வெறுங்கையோடு வந்தால் கவலை வேண்டாம். அந்தத் தலைமையாசிரியரையும் அழையுங்கள். எழுபதைத் தாண்டியவர் என்றால் சிறு வயதில் நிச்சயமாக அம்மை குத்தியிருப்பார்கள். சட்டைக் கையை மடித்து மேல்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் முன்கையில் இருக்கும். காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி-யின் தழும்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பொதுவாகச் சிறியது, வழவழப்பாக இருக்கும். இது அதைவிடப் பெரிது, சற்றே பள்ளமாக, உள்ளே ஊசிமுனை ஊன்றியதுபோல் புள்ளிகளோடு, ஓரத்தை நோக்கிக் கோடுகள் ஓடும். என் கையில் இருப்பதும் அப்படித்தான். அவர் தேடிப் பார்க்கும்போது அந்த மாணவி பக்கத்தில் நிற்கட்டும். அவள் கையில் அது இருக்காது.